காப்பிக் களத்தில் உட்கார்ந்த நாடாளுமன்றம்

நான் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். அதைச் சொல்ல எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை. குரங்கணி மலையிலிருந்து தலைச்சுமையாக ஏலக்காய் மூட்டை இறக்கிப் பிழைப்பை ஆரம்பித்தேன். இன்றைக்குப் போடியில் சொந்தக் கடை, சொந்தக் குடோன், மலை ஏறுகிற சொந்த ஜீப்புகள், மாடி வீடு என்று இருக்கிறேன். படித்தவர்கள் என்னிடம் சம்பளம் வாங்குகிறார்கள். வடக்கேயிருந்து வருகிற வியாபாரிகளோடு இந்தியிலேயே பேரம் பேசுவேன். அதை எந்த வாத்தியாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. ஒரு மூட்டையைப் பிரித்தால் வாயில் கிடக்கிற காயை நான் பார்க்கவே மாட்டேன். முழங்கை வரைக்கும் உள்ளே விட்டு, அடியிலிருந்து ஒரு பிடி அள்ளிப் பார்ப்பேன். விற்கிறவன் நல்ல காயை மேலேதான் வைப்பான். அது அவன் சோலி. மேலே கிடப்பதை மட்டும் பார்த்துவிட்டு வாங்குகிறவனுக்கு வியாபாரம் எதற்கு?

இதை ஏன் சொல்கிறேன் என்றால், நாடாளுமன்றத்திலிருந்து ஒரு குழு எங்கள் மலைக்கு வந்து பார்த்துவிட்டுப் போன கதையை எழுத உட்கார்ந்திருக்கிறேன். போக வர வசதியில்லாத மலையூர்களிலும் தீவுகளிலும் சனங்கள் எப்படி இருக்கிறார்கள் என்று நேரில் ஆராய்வதற்காக அமைத்த குழுவாம். அதை நினைத்தாலே இப்போதும் எனக்கு வாய் கசக்கிறது. எச்சிலைத் துப்பிவிட்டுத்தான் அடுத்த வரிக்குப் போக முடிகிறது.

என் தங்கச்சியைக் கட்டிக் கொடுத்திருப்பது குரங்கணிக்கு மேலே இருக்கிற ஒரு சின்ன ஊரில். ஜீப்பு ரோடு பாதி மலையோடு முடிந்துவிடும். அதற்கு மேல் மூட்டைக் குதிரைகள் போகிற பாதைதான். நடுவில் ஒரு ஓடை குறுக்கே விழும். தண்ணீர் வந்தால் குதிரையே இறங்காது. மேலே போனால் காப்பியும் ஏலமும் மிளகும் போட்டுக்கொண்டு சில குடும்பங்கள். என் மாப்பிள்ளை, அதாவது தங்கச்சி புருஷன், அந்த மலையில் எங்கே ஊற்று இருக்கிறது, எங்கே யானை திரும்பும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லக்கூடிய மனுஷன். சர்க்கரை வியாதி வந்து ஒரு காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். அடுத்து, இருக்கிற காலிலும் பாதத்தில் ஒரு புண் வந்தது. வாரம் தவறாமல் கீழே வந்து டாக்டரிடம் காட்டிக் கட்டுப் போட்டுக்கொண்டால் இந்தக் கால் தப்பும், இல்லாவிட்டால் இதையும் எடுக்க வேண்டியதுதான் என்று பெரியாஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள்.

வாரம் தவறாமல் என்று டாக்டர் சொல்லிவிட்டார். வருவது எப்படி? குதிரை மேல் உட்கார முடியாது. டோலிதான். ஒரு பலகை நாற்காலியை இரண்டு மூங்கிலில் கட்டி, நாலு ஆள் தோளில் தூக்கி ஜீப்பு ரோடு வரைக்கும் இறக்க வேண்டும். இறக்கத்தில் முன்னால் தூக்குகிறவன் கையை உயர்த்தி நடக்க வேண்டும், பின்னால் தூக்குகிறவன் குனிந்து நடக்க வேண்டும். காப்பிப் பழம் பறிக்கிற நாளில் நாலு ஆளுக்கு எங்கே போவது? மழை நாளில் ஆள் இருந்தாலும் ஓடையை எப்படித் தாண்டுவது? ஒரு வாரம் வருவார், அடுத்த வாரம் வரமாட்டார். புண் ஆறுவதும் விரிவதுமாக இருந்தது.

என் வீட்டுக்கு வந்துவிடுங்கள் என்று சொல்லாத நாள் இல்லை. கீழ் அறையிலேயே வெளிநாட்டுக் கக்கூசும் கைப்பிடியும் வைத்துத் தருகிறேன் என்றேன், வைத்தும் விட்டேன். அவர்கள் வரவில்லை. காரணம் காலைவிடப் பெரியது. அவர்கள் பாடுபடுகிற நிலத்துக்குப் பட்டா இல்லை. பாட்டன் காலத்திலிருந்து உழைத்த மண்தான், ஆனால் கையில் காகிதம் இல்லை. வீட்டைப் பூட்டிவிட்டு இறங்கிவிட்டால் ஆள் இல்லாத இடம் என்று வனத்துறையார் காட்டோடு சேர்த்துவிடுவார்கள் என்று மேலே எல்லோருக்கும் பயம். அது நிஜமா பொய்யா என்று சோதித்துப் பார்க்க எவனுக்கும் தைரியம் கிடையாது. ஆக, மண் போகக் கூடாது, காலும் போகக் கூடாது என்றால் ஒரே வழி ரோடு. ஜீப்பு வாசலுக்கு வந்தால் காலையில் இறங்கி மத்தியானம் வீடு திரும்பிவிடலாம்.

குழு வருகிற செய்தி எனக்குத்தான் முதலில் வந்தது. வராமல் எப்படி இருக்கும்? அந்த மலையில் நம்பி ஏறக்கூடிய ஜீப்பும் டிரைவரும் என்னிடம்தான். ஏற்பாடுகளைக் கவனித்த அதிகாரி, கண்ணாடி போட்ட ஒல்லியான ஆள், என் கடைக்கே வந்து வண்டி கேட்டார், சாப்பாட்டுக்கும் ஆள் கேட்டார். எல்லாம் என் செலவு என்றேன். ஆனால் ஒரு யோசனை சொன்னேன். ஜீப்பை ரோடு முடிகிற இடத்தில் நிறுத்திவிடுங்கள், அதற்கு மேல் அவர்கள் நடக்கட்டும். பாதி தூரம் நடந்தால் போதும், யாரும் பேசவே வேண்டாம், அவர்கள் முழங்காலே பேசிவிடும். அதிகாரி சிரித்தார். நடக்கத்தானே வேண்டியிருக்கிறது, அங்கே ஏது வண்டிப்பாதை என்றார். எந்தக் கலெக்டர் படிப்பு படித்தவனுக்கும் இப்படி ஒரு யோசனை வந்திருக்காது என்று அன்றைக்கு எனக்கு நெஞ்சு நிமிர்ந்துதான் இருந்தது.

குழு வருவதற்கு முந்தின நாள் மத்தியானம் பந்தல் சாமான்களைக் குதிரையில் ஏற்றிவிட்டு நானும் மேலே போகலாம் என்று ஜீப்பில் கிளம்பினேன். ரோடு முடிகிற இடத்தில் இறங்கப் போனேன். டிரைவர் வண்டியை நிறுத்தவில்லை. கியரை மாற்றி அப்படியே மேலே ஏற்றினான். என்னடா இது என்று பார்த்தால், பாதை பழைய பாதையாக இல்லை. இருபக்கமும் உண்ணிப்புதரை வெட்டி ஒதுக்கியிருக்கிறார்கள். பாறை துருத்திய இடத்தையெல்லாம் சிவப்பு மண் கொட்டி நிரவியிருக்கிறார்கள். ஓடையில் மணல் நிரப்பிய சாக்குகளை அடுக்கி, மேலே கல் பாவி, ஜீப்பு சக்கரம் போக இரண்டு தடம் போட்டிருக்கிறார்கள். தூசி அடங்கத் தண்ணீர் வேறு தெளித்திருந்தது.

அந்த ஊரில் ஒரு வழக்கம். சாமி கும்பிடு வருகிற நாளோ, ஊருக்குப் பெரிய விருந்தாளி வருகிற நாளோ, வீட்டுக்கு ஒரு ஆள் கொடுவாளும் மண்வெட்டியும் எடுத்துக்கொண்டு வந்து பாதை செதுக்க வேண்டும். வருகிறவர் காலில் முள் தைத்தால் அது ஊருக்கே அவமானம். நாடாளுமன்றமே வருகிறது என்றதும் குழந்தை குட்டி முதற்கொண்டு இறங்கிவிட்டார்கள். அவர்களுக்கு நான் ஒரு வார்த்தையும் சொல்லி வைக்கவில்லை. சொல்ல வேண்டும் என்று தோன்றவே இல்லை. எவனாவது தன் கஷ்டத்தைக் காட்டுவதற்கு முன்னால் அதைக் கழுவித் துடைத்து வைப்பானா?

பாதையின் கடைசித் திருப்பத்தில் டோலி நாற்காலியை இறக்கி வைத்து, அதில் உட்கார்ந்துகொண்டு மாப்பிள்ளை வேலை வாங்கிக்கொண்டிருந்தார். இந்தப் பக்கம் இன்னும் ஒரு கூடை, அந்தக் கல்லைப் புரட்டு என்று கையை நீட்டிக்கொண்டிருந்தார். கட்டுப் போட்ட கால் ஒரு முக்காலி மேல் இருந்தது. என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பு.

"என்ன மச்சான், ஜீப்பு குலுங்காம வந்துச்சா?"

"குலுங்கவே இல்ல. அதேன் பயமா இருக்கு. மாப்ளே, இம்புட்டு அழகாப் பண்ணி வச்சிருந்தா வர்றவன் என்னத்தப் பாப்பான்? ரோடு இல்லன்னு எந்த வாய வச்சுச் சொல்லுவீக?"

அவருக்கு நான் சொல்வது புரிந்தது. புரியாத ஆள் இல்லை. ஓடையில் போட்ட கல்லையும் சாக்கையும் மட்டுமாவது எடுத்துப் போடச் சொல்லுங்கள், நானே கூலி தருகிறேன் என்றேன். மண்வெட்டியோடு நின்ற சனங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

"என் காலுக்காகத்தேன் ரோடு கேக்குறேன் மச்சான்," என்றார். "அதுக்காக வர்றவுக கால நோக விட்டுக் கேக்க முடியுமா?"

என் தங்கச்சி கையில் மண் கூடையோடு வந்தாள். அவளிடமும் சொல்லிப் பார்த்தேன். அவள் கூடையை இறக்கக்கூட இல்லை. "அண்ணே, இது மூணு மழைக்குத் தாங்காதுன்னு பாத்தாலே தெரியும். அவுக படிச்சவுக, அம்புட்டுக்கூடத் தெரியாமலா இருக்கும்? நம்ம வாயால சொல்லவும் போறோம்," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். சரி, நான் இருக்கிறேன், நான் பேசிக்கொள்கிறேன் என்று விட்டுவிட்டேன். போடி ஏலத்தில் என் குரலுக்கு ஒரு மரியாதை உண்டு. டெல்லிக்காரன் மட்டும் என்ன ஆகாயத்திலிருந்து குதித்தவனா?

மறுநாள் வந்தார்கள். காலையில் என்று சொன்னார்கள், வெயில் ஏறித்தான் வந்தார்கள். முன்னாலே போலீஸ், பின்னாலே அதிகாரிகள், நடுவில் என் ஜீப்புகள். பாதி உறுப்பினர்கள் குரங்கணியிலேயே தங்கிவிட்டார்கள், மலைக்காற்று ஒத்துக்கொள்ளாதாம். மேலே வந்தவர்களும் ரோடு முடிகிற இடத்தில் இறங்கவில்லை. டிரைவரிடம் நான் காலையிலேயே போனில் சொல்லியிருந்தேன், வண்டி ஏறாது என்று சொல்லி அங்கேயே நிறுத்திவிடு என்று. அவன் என்னிடம் பதினாறு வயதில் வந்து சேர்ந்து, இப்போது தலை நரைத்தவன். நம்ம ஜீப்பு ஏறாது என்று எந்த வாயால் சொல்வேன் முதலாளி என்று கேட்டுவிட்டு, ஒரு குலுக்கல் இல்லாமல் காப்பிக் களம் வரைக்கும் கொண்டுவந்து நிறுத்தினான். அவனுக்கு அவன் கௌரவம். ஊருக்கு ஊர் கௌரவம். அன்றைக்கு எங்கள் பக்கம் கௌரவத்துக்கு மட்டும் பஞ்சமே இல்லை.

காப்பி காயப்போடுகிற சிமெண்டுக் களத்தில்தான் பந்தல். குழுத் தலைவர் வடக்கே உள்ளவர், கனத்த உடம்பு, சாந்தமான முகம். ஜீப்பிலிருந்து இறங்கி இடுப்பில் கை வைத்து மலையை ஒரு சுற்றுப் பார்த்தார். பக்கத்தில் நின்ற அதிகாரியிடம் இந்தியில் சொன்னார்: வழி நன்றாக இருக்கிறதே, மோசமாக இருக்கும் என்று பயமுறுத்தினீர்களே. அதிகாரி ஆமாம் என்று தலையாட்டினார். அதே ஒல்லி ஆள்தான். நடக்கத்தானே வேண்டியிருக்கிறது என்று என்னிடம் சொன்ன அதே வாய். ஓடையில் சாக்கு அடுக்கியிருப்பதை அவர் பார்க்கவில்லையா? பார்த்தார். பார்த்துக்கொண்டேதான் வந்தார். ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி அதைப் போட்டோ எடுத்தார் என்று டிரைவர் பிறகு சொன்னான்.

சால்வை போட்டு முடித்ததும் விசாரணை தொடங்கியது. அதிகாரி கேள்வியைத் தமிழில் கேட்பார், ஊர்க்காரர்கள் சொல்வதை இந்தியில் சொல்வார். முதல் கேள்வியே என்ன தெரியுமா? கடல் கொந்தளிப்பாக இருக்கிற நாட்களில் போக்குவரத்துக்கு என்ன செய்கிறீர்கள் என்பதுதான். போன வாரம் ஏதோ ஒரு தீவுக்குப் போய் வந்திருக்கிறார்கள். அங்கே கேட்ட கேள்வித்தாளையே தூக்கிக்கொண்டு மலை ஏறிவிட்டார்கள். முன்வரிசையில் இருந்த ஒரு கிழவி, விருந்தாளி கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் இருக்கக் கூடாதே என்று எழுந்தாள்.

"கடலு இங்கிட்டு இல்ல சாமி. ஓடைதேன் இருக்கு. நாங்க என்ன செய்ய?" என்று மன்னிப்புக் கேட்கிற மாதிரிச் சொன்னாள்.

அதிகாரி அசரவில்லை. கடல் இல்லை என்று எழுதிக்கொண்டார். அடுத்த கேள்வி, ஊரில் எத்தனை படகு. எனக்குப் பின்னால் நின்ற ஒருத்தன், ரெண்டு இருந்துச்சு, ஆனை மிதிச்சிருச்சு என்று முணுமுணுத்தான். பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். நான் சிரிக்கவில்லை. என் தங்கச்சி முறை எப்போது வரும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவள் எழுந்தாள். வாழ்க்கையில் மைக்கைத் தொட்டதில்லை. சுருக்கமாகத்தான் பேசினாள், ஆனால் ஒரு வார்த்தை வீணாகவில்லை. அவருக்கு ஒரு கால் போய்விட்டது, இன்னொரு கால் இருக்கிறது, வாரா வாரம் கீழே போனால் அது நிற்கும், ஜீப்பு வந்தால் போக முடியும், வீட்டை விட்டு இறங்கினால் மண் போய்விடும் என்று சொன்னாள். "எங்களுக்கு வேற ஒண்ணும் வேணாம். மழை வந்தாலும் நிக்கிற மாதிரி ஒரு ரோடு போட்டுக் குடுங்க," என்றாள். அதிகாரி அதை இந்தியில் சொன்னார். கணவருக்கு உடம்பு சரியில்லை, மருத்துவ வசதி கேட்கிறார் என்று சொன்னார். அவ்வளவுதான். தலைவர் வருத்தமாகத் தலையசைத்து, வண்டி வரத்தான் செய்கிறதே, ஆம்புலன்சைக் கூப்பிடலாமே என்று கேட்டார்.

அப்போதுதான் அந்தக் கூத்து நடந்தது. உறுப்பினர்களில் ஒரு சின்ன வயசுக்காரர், வந்ததிலிருந்து ஏலச்செடியைப் போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தவர், டோலியைப் பார்த்துவிட்டார். இது என்ன என்று கேட்டார். தூக்கிக்கொண்டு போகிற நாற்காலி என்று சொன்னதும் கண் விரிந்தது. நான் உட்காரலாமா என்றார். அதில் அந்நேரம் உட்கார்ந்திருந்தது என் மாப்பிள்ளை. அவர் என்ன செய்தார் தெரியுமா? பக்கத்தில் நின்றவன் தோளைப் பிடித்து எழுந்து, தன் துண்டால் பலகையைத் துடைத்து, உட்காருங்க சாமி என்றார். நாலு பேர் தூக்கினார்கள். உறுப்பினர் இரண்டு கையையும் விரித்துச் சிரித்தார். களத்தை ஒரு சுற்றுச் சுற்றினார்கள். கூட வந்தவர்களெல்லாம் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கூடவே ஓடினார்கள். அந்தச் சுற்று முடிகிற வரைக்கும் என் மாப்பிள்ளை ஒருத்தன் தோளில் தொங்கியபடி புண் காலில் நின்றார். நிற்கும்போது முகத்தில் சிரிப்பு வேறு. விருந்தாளி சந்தோஷப்பட்டால் போதும் அவருக்கு.

எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. எழுந்து போய் மைக்கைப் பிடித்தேன். பெரியவரே சுருக்கமா என்றார் அதிகாரி. உங்க தமிழும் வேணாம், இந்தியும் வேணாம், நானே பேசிக்கிர்றேன் என்று சொல்லிவிட்டுத் தலைவரிடம் நேராக இந்தியில் பேசினேன். நீங்கள் வந்த வழி வழியல்ல. இந்த ஏழைகள் உங்கள் கால் நோகக் கூடாது என்று தங்கள் வேலையை விட்டுவிட்டு மண் சுமந்து போட்டது. ஒரு மழை அடித்தால் ஓடையில் போட்டதெல்லாம் போய்விடும். சந்தேகம் இருந்தால் போகும்போது இறங்கி ஒரு கல்லைப் புரட்டிப் பாருங்கள், அடியில் சாக்கு இருக்கும். மூட்டையின் வாயைப் பார்த்துவிட்டு விலை சொல்லாதீர்கள், கையை உள்ளே விடுங்கள். இப்படியே சொன்னேன். என் இந்தி அன்றைக்குத் தண்ணீர் மாதிரி ஓடியது.

தலைவர் கவனமாகக் கேட்டார். முகம் மலர்ந்தது. இவ்வளவு நல்ல இந்தியை எங்கே கற்றீர்கள் என்று கேட்டார். ஏல வியாபாரத்தில் என்றேன். அப்படியா, நீங்கள் ஏலக்காய் வியாபாரியா, டெல்லியில் எங்களுக்குக் கிடைப்பதெல்லாம் வெளுத்துப்போன காய், நல்ல பச்சைக் காய் உங்களிடம் கிடைக்குமா என்று கேட்டார். பக்கத்திலிருந்த உறுப்பினரும் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். பெரிய காய்க்கு வாசம் அதிகமா, சின்னக் காய்க்கு அதிகமா என்று அவருக்கு ஒரு சந்தேகம். நாடாளுமன்றத்தில் உட்கார்கிற இரண்டு பேர், ஒரு மனுஷன் கால் போகிற விஷயத்தைக் கேட்டுவிட்டு அடுத்த மூச்சில் கேட்ட கேள்வி அது. அதிகாரிதான் முந்திக்கொண்டு, எல்லோருக்கும் ஒரு பாக்கெட் வண்டியில் வைத்திருக்கிறோம் ஐயா என்றார். என் குடோனிலிருந்து அவர் கேட்டு வாங்கிய காய்தான்.

சாப்பாடு முடிந்ததும் வெரசாக் கிளம்பிவிட்டார்கள். மதுரைக்குப் போகிற ரயிலைப் பிடிக்க வேண்டுமாம். ஓடையில் வண்டியை நிறுத்திக் கல்லைப் புரட்டிப் பார்ப்பார்கள் என்று நானும் பின் வண்டியில் கழுத்தை நீட்டிக்கொண்டே வந்தேன். ஒரு வண்டியும் நிற்கவில்லை. களத்தில் எச்சில் இலையும் தண்ணீர்ப் பாட்டிலும் இறைந்து கிடந்தன. அதைக் கூட்டி அள்ளியதும் அதே சனங்கள்தான்.

அடுத்த மழை மாதமே பாதை போய்விட்டது. மண் வழிந்தது, கல் உருண்டது, சாக்குகள் ஓடையில் கீழே எங்கேயோ மரத்தில் சிக்கித் தொங்கின. பழைய குதிரைப் பாதையாவது கால் பழகிய பாதை. இப்போது வெட்டிவிட்ட கரையெல்லாம் சரிந்து அதுவும் கெட்டுப்போனது. புண்ணோடு மாப்பிள்ளை மேலேயே கிடந்தார். வாரக்கணக்கில் கட்டு மாற்றவில்லை. பாதத்து ஓரம் கறுத்திருக்கிறது என்று தங்கச்சி போனில் சொன்னாள். மழை விட்டதும் கேட்ட பணம் தருகிறேன் என்று ஒரு டாக்டரை மேலே கூட்டிப் போனேன். பணத்துக்கு வராத டாக்டரை அன்றைக்குத்தான் பார்த்தேன். அந்த ஓடையைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார். அவரை நான் குறை சொல்ல மாட்டேன். அவர் ஓடை வரைக்குமாவது வந்தார், இறங்கிப் பார்த்தார்.

குழு என்ன எழுதியது என்று கடைசியில் தெரிந்தது. என் மருமகள் பள்ளிக்கூட டீச்சர். கம்ப்யூட்டரில் தேடி எடுத்து, எங்கள் மலையைப் பற்றிய பகுதியைத் தமிழில் சொன்னாள். ஊர் மக்கள் விருந்தோம்பலில் சிறந்தவர்களாம். ஊருக்கு வாகனம் செல்லக்கூடிய வழி இருப்பதைக் குழு நேரில் கண்டதாம். ஆகவே புதிய சாலைக்கு இப்போதைக்கு அவசியம் தெரியவில்லை, இருக்கிற வழியை உள்ளூர் மக்களே நன்கு பராமரித்து வருகிறார்கள், அது பாராட்டத்தக்கது என்று எழுதியிருந்தார்கள். மருமகள் வாசித்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். நான் எழுந்து வெளியே போய்க் காறித் துப்பினேன். வந்தவர்கள் திட்டியிருந்தால்கூட இவ்வளவு அருவருப்பு வந்திருக்காது.

விஷயத்தைப் போனில் சொல்லும் தைரியம் எனக்கு வரவில்லை. நேரிலேயே ஏறிப் போனேன். முழங்கால் கெஞ்சியது, இந்த வயதிலும் ஏறிவிட்டேன். மாப்பிள்ளை எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, நம்ம ஊர நல்ல ஊருன்னு எழுதியிருக்காகள்ல என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றேன். கறுத்த பாதத்தைத் துணியால் மூடிக்கொண்டார். தங்கச்சி அடுப்பைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். பிறகு அவள் திரும்பாமலேயே பேசினாள்.

"அண்ணே, அவரக் கூட்டிட்டுப் போயி உன் வீட்டுல வச்சுக்க. கால் தப்புற வரைக்கும் மேல ஏத்த வேணாம். நான் இங்கிட்டு இருந்துக்கிர்றேன்."

மாப்பிள்ளை கத்தினார். ஒத்தைப் பொம்பளை, ஆனைக் காடு, மழைக்காலம் என்று என்னென்னவோ சொன்னார். நானும் சொன்னேன், மண் போனால் போகட்டும், போடியில் இதைப்போல மூன்று மடங்கு நிலம் நான் வாங்கித் தருகிறேன் என்று. என்னால் முடியும். வாய்ப்பேச்சு இல்லை. அவள் அப்போதுதான் என் பக்கம் திரும்பினாள்.

"நீ வாங்கிக் குடுத்தா அது உன் மண்ணுண்ணே," என்றாள். "இது எங்க மண்ணு. வீட்டுல பொக வந்தாத்தேன் ஆள் இருக்குன்னு அர்த்தம். நான் பொக போட்டுக்கிட்டு இருக்கேன். நீ வெரசா இவரத் தூக்கச் சொல்லு, பொழுது போகுது."

நாலு ஆள் பிடித்தோம். அவள் அவருடைய வேட்டி சட்டையை மடித்து ஒரு பையில் வைத்தாள். ஓடை வரைக்கும் டோலியோடு நடந்து வந்தாள். அங்கே தண்ணீர் இடுப்பளவு. தூக்குகிறவர்கள் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு இறங்கினார்கள். மாப்பிள்ளை ஒரு கையால் மூங்கிலைப் பிடித்துக்கொண்டு, கட்டுப் போட்ட காலைத் தண்ணீர் தொடாமல் நீட்டிக்கொண்டு, திரும்பித் திரும்பிப் பார்த்தார். அக்கரை ஏறியதும் நான் திரும்பிப் பார்த்தேன். அவள் போய்விட்டிருந்தாள்.

இப்போது மாப்பிள்ளை என் வீட்டுக் கீழ் அறையில் இருக்கிறார். வாரா வாரம் ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் போய் வருகிறோம். கறுத்த ஓரத்தை வெட்டி எடுத்தார்கள், கால் தப்பிவிட்டது. டாக்டர் என் கையைப் பிடித்துச் சந்தோஷமாகச் சொன்னார். மறுபடி மலையில் இருக்கலாமா என்று மாப்பிள்ளை கேட்டதற்கு, புண் வரும் உடம்பு, கூப்பிட்ட நேரத்துக்கு வண்டி வருகிற இடத்தில்தான் இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்.

சாயங்காலம் சிக்னல் கிடைக்கிற பாறை மேல் ஏறி நின்று தங்கச்சி போன் பண்ணுவாள். கால் எப்படி இருக்கிறது என்று அவள் கேட்பாள். நல்லாருக்கு என்று இவர் சொல்வார். மிளகுக் கொடியைப் பற்றி இவர் கேட்பார், நல்லாருக்கு என்று அவள் சொல்வாள். இருட்டுவதற்குள் வீட்டுக்குப் போ புள்ள என்று இவர்தான் முதலில் போனை வைக்கச் சொல்வார். வைத்த பிறகும் போனைக் காதிலிருந்து எடுக்க மாட்டார். நான் அந்நேரம் அந்த அறைக்குள் போவதில்லை.